‘அது ஒண்ணுதான் அவனுக்கு’

சிகரெட்டுக்கு 40 சதவீத வரி. பீடிக்கு 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைப்பு. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் முடிவு இது. பீடி இலைக்கான வரியும் 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. முக்கூடலிலும் பாவூர்சத்திரத்திலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களை நினைத்தால் இதில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். அவர்கள் சுற்றும் பீடிக்கட்டு கடைசியில் யார் சட்டைப்பைக்குப் போகிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. மனநோய்க்கு மாதாமாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்களின் சட்டைப்பைகளும் அவற்றில் உண்டு. வரியைப் பற்றி இவ்வளவு பேசினோம். அவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. விடியுமுன்பே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் கொங்காணியுமாகப் பெண்கள் நெருக்கி ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் போய், பொழுது சாயத் திரும்புவார்கள். ஜீப் போன பிறகு டீக்கடை வாசலில் மிச்சமிருப்பவர்களில் ஒருவரை நான் பல மாதங்களாகப் பார்த்துவருகிறேன். நாற்பது வயதிருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் பழுத்துப் பழுப்பாகிவிட்டன. சட்டைப்பையில் பீடிக்கட்டு. அதோடு ஒட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னக் காகித உறையில் மாத்திரை.

கட்டு வாங்கிக் கொடுப்பது அவருடைய அம்மா. ஜீப் ஏறுமுன் கடையில் சொல்லிவிட்டுப் போவார்: “ரெண்டு கட்டு குடுத்திருங்கண்ணே, சாயங்காலம் வந்து தர்றேன்.” பிறகு மகனிடம்: “மாத்திரயப் போட்டுட்டியா ராசா? போட்டாத்தான் கட்டு, பாத்துக்க.”

ஏன் வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “அவனுக்கு வேற என்ன இருக்கு தம்பி? கல்யாணமா, காச்சியா? அது ஒண்ணுதான் அவனுக்கு. அதையும் புடுங்குனா மாத்திரயத் தூக்கி எறிஞ்சிருவான். அப்பறம் நான் எப்பிடி வேலைக்குப் போறது?”

அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடமாக ஒற்றை ஆளாக மகனைத் தாங்குகிறவர் அவர். அவருக்கு யாரும் வேறு வழி சொல்லித்தரவில்லை. இதே வார்த்தையை, ‘அது ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்’ என்பதை, படித்த உறவினர்களிடமும் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரிகளிலும் கேட்டிருக்கிறேன். இரக்கத்தில் பிறந்த வார்த்தைதான். ஆனால், அது ஆளைக் கொல்கிறது.

சாவு எங்கிருந்து வருகிறது?

மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்ற கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். தற்கொலையும் உண்டு, ஆனால், இந்தச் சாவுகளில் பெரும்பங்கு மாரடைப்பு, நுரையீரல் நோய், சர்க்கரை என்று உடம்பின் வழியாகத்தான் வருகிறது.

மனநோய் மருந்துகளில் சில எடையைக் கூட்டும், சர்க்கரையை ஏற்றும். ஆகவே இதயத்துக்கு ஏற்கெனவே ஒரு சுமை இருக்கிறது. அதன் மேல் நாளுக்கு இரண்டு கட்டுப் பீடியை ஏற்றினால் என்ன ஆகும்? காசநோய்க்கும் புகை கதவு திறந்துவிடுகிறது.

‘பீடிதானே, சிகரெட் இல்லையே’ என்ற சமாதானம் எங்கள் பக்கம் நிறைய உண்டு. பீடியில் தூள் குறைவு என்பது உண்மை. ஆனால், இழுக்காவிட்டால் பீடி அணைந்துபோகும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் பீடி பிடிப்பவரின் நெஞ்சுக்குள் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. இந்தியாவில் சிகரெட்டைவிடப் பீடி பிடிப்பவர்களே அதிகம். 2016–17-இல் நடந்த தேசிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 7.7 சதவீதம் பேர் பீடியும், 4 சதவீதம் பேர் சிகரெட்டும் பிடித்தார்கள்.

சென்னை சொன்ன பாடம்

மனச்சிதைவு உள்ளவர்கள் ஏன் இவ்வளவு புகைக்கிறார்கள் என்ற கேள்விக்கு மேலை நாடுகளில் நெடுங்காலம் ஒரு பதில் புழங்கியது: அவர்களது மூளைக்கு நிகோடின் தேவைப்படுகிறது, அது அவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் மருந்து. இந்தக் கருத்தைப் பரப்பியதில் சிகரெட் நிறுவனங்களுக்கும் கை உண்டு. அதற்கான ஆய்வுகளுக்கு அவை பணம் கொடுத்ததும், மனநல மருத்துவமனைகளில் புகைத்தடை வராமல் பார்த்துக்கொண்டதும், அமெரிக்க வழக்குகளின் வழியே வெளிவந்த அந்த நிறுவனங்களின் கோப்புகளிலேயே இருக்கிறது.

2002-இல் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனத்து மருத்துவர்கள் டி.என்.சீனிவாசனும் ஆர்.தாராவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வந்த, மனச்சிதைவு உள்ள 286 ஆண்களை விசாரித்ததில் 38 சதவீதம் பேர் புகைத்தார்கள். இது மேலை நாடுகளில் பதிவானதைவிட வெகு குறைவு. ‘எல்லாமே உடற்கூறு அல்ல’ என்று அந்த ஆய்வுக்குத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். மூளை ஒன்றுதான் காரணம் என்றால் சென்னைக்காரரின் மூளை மட்டும் ஏன் குறைவாகக் கேட்கிறது? கையில் காசில்லாததும், வீட்டார் வைத்திருந்த கட்டுப்பாடும்தான் இங்கே கணக்கை இறக்கின.

எங்கள் ஊர்ப் பிரச்சினைக்கான திறவுகோல் இந்த ஆய்வில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். விலை ஏறினால் புகை குறையும். குடும்பம் கவனித்தால் புகை குறையும். இரண்டையும் நாம் இப்போது எதிர்த்திசையில் செய்துகொண்டிருக்கிறோம். அரசு வரியைக் குறைக்கிறது. குடும்பமோ மாத்திரைக்குக் கூலியாகப் பீடி கொடுக்கிறது.

மனம் கெட்டுப்போகுமா?

புகையை நிறுத்தினால் நோய் கிளம்பிவிடும் என்ற அச்சம்தான் எல்லோரையும் தடுக்கிறது. அது வெறும் கற்பனையும் அல்ல. கடைசிப் பீடிக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் தலைகாட்டும். முதல் சில நாள் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். மனநோய் உள்ள வீட்டில் இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் ‘ஐயோ, திரும்ப ஆரம்பிச்சிருச்சு’ என்று பயந்து, ஓடிப்போய்க் கட்டு வாங்கி வருவார்கள். ஒரு இழுப்பில் ஆள் அமைதியாவார். பீடி மனதை ஆற்றியதாக நினைத்துக்கொள்வோம். பீடி ஆற்றியது, பீடி இல்லாததால் வந்த பதற்றத்தை மட்டுமே.

அந்த நான்கு வாரத்தைத் தாண்டியவர்களின் நிலை என்ன? 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 26 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. புகையை விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களுக்கும் இதே நன்மை தெரிந்தது. மனச்சோர்வு மாத்திரை தரும் பலனுக்கு இணையான அளவு அது.

நிறுத்த உதவும் மருந்துகளைப் பற்றியும் ஒரு பயம் இருந்தது. 2016-இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. 16 நாடுகளில் 8,144 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள். வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற இரு மாத்திரைகளும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். இவற்றால் கடுமையான மனநலத் தொல்லை குறிப்பிடும்படி கூடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரெனிக்ளின் மீது அச்சடிக்கச் சொல்லியிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எடுத்துவிட்டது. வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. இருதுருவ நோய்க்கு மிகக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது என்பது மருத்துவர் பார்த்து முடிவெடுக்க வேண்டியது.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

புகையில் உள்ள தார், கல்லீரலைச் சில மருந்துகளை வேகமாகக் கரைத்து வெளியேற்றும்படி முடுக்கிவிடுகிறது. மனநோய்க்குத் தரப்படும் குளோசபின், ஓலன்சபின் இரண்டும் அந்த வகை. நிறையப் புகைப்பவருக்கு இந்த மாத்திரைகள் பாதி வேலைதான் செய்யும். அதற்கேற்ப மருத்துவர் அளவைக் கூட்டியிருப்பார். புகைப்பவர் திடீரென்று புகையை நிறுத்தினால், முன்பு கரைந்துபோன மருந்து இப்போது ரத்தத்தில் தேங்கும். ஒரு வாரத்துக்குள் அசதி, எந்நேரமும் தூக்கம், வாயில் எச்சில் வடிவது, தள்ளாட்டம் வரலாம். குளோசபின் என்றால் வலிப்புகூட வரலாம்.

இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். உள்ளே பீடி இல்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. தெளிந்த ஆளை வீட்டுக்கு அழைத்துவருகிறோம். வந்த சந்தோஷத்தில் கட்டு வாங்கிக் கொடுக்கிறோம். மாத்திரையின் அளவு ரத்தத்தில் இறங்குகிறது. பதினைந்து நாளில் பழைய குரல்கள் காதில் கேட்க ஆரம்பிக்கின்றன. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கோடாங்கியிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையே சரியில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டுப் பீடியைச் சந்தேகப்படுகிறவர் இல்லை.

மருந்தை இப்படிக் கரைப்பது புகையின் தார்தான், நிகோடின் அல்ல. அதனால் பீடியை விட்டு நிகோடின் மிட்டாய்க்கு, அதாவது சூயிங் கம்முக்கு, மாறினாலும் மாத்திரை அளவைப் பார்த்தாக வேண்டும். எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்கு இல்லை. ரிஸ்பெரிடோனுக்குப் பெரிய மாற்றம் இருக்காது. எது எப்படி என்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டியதில்லை. நிறுத்தப் போகும் நாளையும், நிறுத்திய பிறகு மறுபடி தொடங்கிவிட்டால் அந்தச் செய்தியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். நல்ல பக்கமும் ஒன்று உண்டு: நிறுத்தியவருக்குக் குறைந்த மாத்திரையே போதுமானதாகிவிடும். மாத்திரை குறைந்தால் பக்க விளைவும் குறையும்.

டீ, காபி விஷயமும் இதுதான். அவற்றில் இருக்கும் கஃபீனையும் புகை வேகமாகக் கரைக்கிறது. பீடியை விட்டவர் பழையபடி எட்டு டீ குடித்தால் கஃபீன் உடம்பில் தேங்கி, படபடப்பு வரும், தூக்கம் போகும். புகையை விட்டதால் வந்த பதற்றம் என்று எல்லோரும் நினைப்பார்கள். டீயைப் பாதியாக்கினால் போதும். பீடியும் டீயும் ஒன்றையொன்று இழுக்கும் எங்கள் ஊரில் இது சின்ன விஷயமே இல்லை.

யார் செய்வது?

இதற்கெல்லாம் புதிய கட்டடம் கேட்கத் தேவையில்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2007–08 முதல் தேசிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் நடக்கிறது. சிக்கல் என்னவென்றால், மனநலத்துக்கு ஒரு அறை, புகையிலைக்கு வேறொரு அறை. ஒரு அறைக்கு வருகிறவரை மற்ற அறைக்குத் தெரியாது. முன் சொன்ன தேசியக் கணக்கெடுப்பிலேயே, மருத்துவரிடம் போன புகைப்பழக்கக்காரர்களில் 48.8 சதவீதம் பேருக்குத்தான் ‘விட்டுவிடுங்கள்’ என்ற ஒரு வார்த்தை கிடைத்திருந்தது. மனநோயாளிக்கு அந்த ஒரு வார்த்தையும் கிடைப்பது அரிது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்குக் கிடைக்கும் சிகிச்சையில் குறையாத சிகிச்சை மனநோய்க்கும் வேண்டும் என்கிறது. மாரடைப்பு வந்தவரிடம் சொல்வதை மனச்சிதைவு உள்ளவரிடம் சொல்லாமல் விடுவது அந்தச் சட்டத்துக்கே எதிரானது.

பிரிட்டனில் 526 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. கடும் மனநோய் உள்ளவர்களைப் பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர்கள் வீடு தேடிப்போய்ச் சந்தித்தார்கள். ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. முதலில் குறைக்கச் சொன்னார்கள், தவறினால் மறுபடி தொடங்கச் சொன்னார்கள். ஆறு மாத முடிவில் அப்படிப் பார்க்கப்பட்டவர்களில் 14 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். வழக்கமான சேவை பெற்றவர்களில் 6 சதவீதம். ஓராண்டில் இந்த இடைவெளி சுருங்கியது. அதாவது, ஆறு மாதத்தோடு கைவிட்டுவிடக் கூடாது என்று பொருள். அதே வழிமுறையை நமக்கேற்ப மாற்ற யார்க் பல்கலைக்கழகத்தோடு பெங்களூர் நிம்ஹான்ஸும் சேர்ந்து முயன்றிருக்கிறது.

வீடு தேடிப் போகும் ஆட்கள் தமிழகத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊர் ஊராகப் போகிறார்கள். மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கும் வீட்டில் அவர்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு, நாளுக்கு எத்தனை பீடி என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பு மாவட்ட மனநல மருத்துவரின் மேசைக்குப் போகட்டும். மாத்திரைச் சீட்டில் சர்க்கரைக்கும் எடைக்கும் இருப்பதுபோல புகைக்கும் ஒரு வரி வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பேனா மை.

நிகோடின் மிட்டாயும் பட்டையும் அரசு மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 2022-இல் வெளியான இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிகோடின் மாற்று மருந்து ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டது. பட்டியலில் இருப்பது போடி அரசு மருத்துவமனைக்கும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தட்டுப்பாடில்லாமல் வந்து சேர வேண்டும். தினக்கூலியில் வாழும் வீடு இதைக் கடையில் காசு கொடுத்து வாங்காது, பீடிதான் மலிவு. பீடி வரிக் குறைப்பைத் திரும்பப் பெறும்படி தமிழக அரசு ஜிஎஸ்டி மன்றத்தில் கேட்க வேண்டும். அந்த வரியில் வரும் பணத்தைப் பீடி சுற்றும் பெண்களின் மாற்றுத் தொழிலுக்கே கொடுக்கலாம்; அவர்களும் தூளை நாளெல்லாம் மூச்சில் வாங்குகிறவர்கள்தான்.

தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. ஆலோசனையை மாலை ஆறு மணிக்கு மேலோ, ஞாயிற்றுக்கிழமையோ வைத்தால்தான் அந்த அம்மா வருவார். இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காத திட்டம் எதுவும் சிலமலையில் எடுபடாது.

அந்த அம்மாவுக்கு

மாத்திரைக்குக் கூலியாக வேறொன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வடை, ஒரு சினிமாப் பாட்டு, சாயங்காலம் கோயில் வரை கூட நடப்பது, எதுவாகவும் இருக்கட்டும். கட்டை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம்; இரண்டு கட்டை ஒன்றரையாக்குங்கள், இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்குங்கள். கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிள்ளை அவன். கேட்டால் அவரும் உதவுவார். தவறிப்போய் மறுபடி ஆரம்பித்தால் திட்டாதீர்கள். நல்ல மனநிலையில் இருப்பவர்களே நாலைந்து முறை விழுந்து எழுந்துதான் விடுகிறார்கள். நோய் முற்றி நிலைகுலைந்திருக்கும் நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். கொஞ்சம் அமைதியாக இருக்கும் மாதம் பார்த்துத் தொடங்குங்கள்.

புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி 1800-11-2356. மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போகுமுன், உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை பீடி பிடிக்கிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு வாருங்கள்.